நேர் மூக்குக்காரி

பொழுது விடிந்தால் சுரங்கக் கூலி லைனில் எல்லாவற்றின் மேலும், பாறை அரைக்கும் மில்லுத் தூசி மாவு போலப் படிந்திருக்கும். பானை, பாய், சுவரில் சிலுவை, எதுவும் தப்பாது. அன்று காலை ஆணியில் மாட்டியிருந்த, சுண்ணாம்புச் சாந்தில் வார்த்த முகத்தின் மேலும் படிந்திருந்தது. மூக்குத் துளைகளுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடாகத் தூசி விலகியிருந்தது.

"யாரும்மா இதை ஊதினது?" என்றாள் ஐடா.

"எனுக்கு வேற வேலையில்லியா?" என்றாள் அம்மா ரத்தினம்மா.

அந்த முகம் ஐடாவுடையதுதான். மூக்குத்தண்டின் மேடு மட்டும் அதில் இல்லை. அவள் ஆயா வேலை பார்க்கும் பங்களாவின் ஆர்தர் டாக்டர், அவளைக் கண்மூடிப் படுக்கவைத்து, ஈரச் சாந்து அப்பி அச்செடுத்து, வார்த்த முகத்தில் மேட்டை ராவிக் காட்டினார். நிஜ மூக்கை உள்பக்கமாகவே அரம் விட்டுத் தேய்ப்பாராம், தழும்பே தெரியாதாம். சுரங்கத்துக்கு மின்சாரமே வந்துவிட்டது, ஒரு மூக்கு நேராகக் கூடாதா என்பது அவர் நியாயம். பெண்ணை மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்று புகழ்வது வழக்கம். ஐடா விஷயத்தில் ஊர் முழியோடு நிறுத்திக்கொள்ளும். பெண் பார்க்க வந்த வால்டர் வீட்டார் அதைக்கூடச் சொல்லாமல் எழுந்து போனார்கள். மறுநாளே ரத்தினம்மா அந்த முகத்தைக் கேட்டு வாங்கி வந்து மாட்டிவிட்டாள்.

"டாக்டரு வியாழக்கெழம வரச் சொல்லிகீறாரு. வந்துடு."

"எனுக்கு வேணாம். இது எங்கப்பா மூக்கு. பாறையைக் கொடைஞ்ச மனுசன் மூக்கு. அரம் பட உடமாட்டேன்."

"கெய்வியாவற வரைக்கும் அதையே கட்டிக்கினு அழு."

"அழமாட்டேன். இருப்பேன்."

அதற்குப் பிறகு ரத்தினம்மா மகளைத் திட்டுவதை விட்டுவிட்டாள். சுவரோடு பேச ஆரம்பித்தாள். முகத்துக்குப் பூ வைத்தாள், எதிரில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ் வைத்தாள். பெற்றவளே தன்னை விட்டு ஒரு சாந்துக் கட்டியைக் கொஞ்சுவதைப் பார்க்க ஐடாவுக்கு வயிறு எரிந்தது. டம்ளரை எடுத்துக் கழுவப் போனவள் நின்றாள். விளிம்பில் வெள்ளையாக உதட்டுத் தடம்.

விளக்கை அணைத்துப் படுத்தபோது தூரத்தில் தண்ணீர் இறைக்கும் எந்திரம் முனகிக்கொண்டிருந்தது, மண்ணெண்ணெய்ப் புகையும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் கலந்து அறையை அடைத்திருந்தன. அம்மாவின் மூச்சு கேட்டது. தன் மூச்சு, மேட்டில் தடுக்கி லேசாக விசில் அடித்தது. பிறகு இன்னொன்று. தடையே இல்லாத மூச்சு. சுவர்ப் பக்கமிருந்து.

ஐடா எழுந்து உட்கார்ந்தாள்.

"மூச்சு உட்டா உட்டுக்கோ," என்றாள் இருட்டைப் பார்த்து. "என் மூக்கு மட்டும் ஒனக்குக் கெடைக்காது."

மூச்சு நின்றது.

புதன் சாயங்காலம் பங்களாவிலிருந்து திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போலாமாடி?"

"சரிம்மா. வரேம்மா."

ஐடாவின் குரல்.

ஐடா வாயைத் திறக்கவே இல்லை.

கதவைத் தள்ளினாள். ஆணி வெறுமையாக இருந்தது. அம்மாவுக்கு முன்னால் ஒரு பெண், முதுகைக் காட்டி, உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஐடாவின் சீப்பு. ஐடாவின் பாவாடை.

"அம்மா! நான் இங்க கீறேன்!"

ரத்தினம்மா விளக்கைத் தூக்கினாள். வெளிச்சம் ஐடாவின் நெற்றியில் பட்டு, இறங்கி, மூக்கு மேட்டில் நின்றது. அம்மாவின் கண் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

"யாரும்மா நீ? இன்னா வேணும்?"

ஐடா கதவு நிலையில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"இது என் வூடு. இதான் என் மூஞ்சி. நான் போவமாட்டேன்."

அந்தப் பெண் திரும்பினாள். நேர் மூக்கு. மூடிய கண்கள். அம்மா அந்த மூக்கை ஆசையாக வருடினாள். விரலில் வெள்ளை ஒட்டியது.

"சொன்ன பேச்சு கேக்கற புள்ள," என்றாள் அம்மா.

மூடியிருந்த இமைகளில் விரிசல் ஓடியது. ஒவ்வொன்றாகத் திறந்தன.

உள்ளேயும் சாந்துதான்.