இறால் ஓட்டுக் கரி

சீனத் துறைமுக நகரமான தாலியனில் மழை பிடித்துக்கொண்டது... சொட்டச் சொட்டக் கருத்தரங்கக் கூடத்துக்குள் ஓடிவந்த அந்த நெட்டையன், நேரே ஆராய்ச்சி மாணவி ருவோலானின் ஆய்வுப் போஸ்டர் முன்னால் வந்து நின்றான். இமையில் மழைத்துளியோடு அவன் பார்த்த பார்வை இருக்கிறதே... ஐயோ, அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது!

மூன்று வருட உழைப்பு அந்தப் போஸ்டர். கடலோர உணவகங்களில் கெஞ்சி வாங்கிய இறால் ஓடுகளைச் சுட்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த கரியாக்கியிருந்தாள். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில் ஆக்சிஜனை வினைபுரிய வைக்கப் பிளாட்டினம் வேண்டாம், உலோகமே கலக்காத இந்தக் கரி போதும் என்பது அவள் கட்சி. வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குக் கட்டுரை போக வேண்டும். முனைவர் பட்டமே அதை நம்பித்தான்.

"சோதனைல எதிர்முனைக்கு என்ன கம்பி போட்டீங்க?" என்றான்.

"பிளாட்டினம். எல்லாரும் போடுறதுதானே?"

"அது கரைஞ்சு உங்க கரி மேல ஒட்டியிருக்குமே... வேலை செஞ்சது கரியா, பிளாட்டினமான்னு எப்படித் தெரியும்?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீங்க யாரு?"

"தேமிங்... பக்கத்துக் கட்டடம்."

"அங்க மூக்கை நுழைக்கத்தான் சொல்லிக் குடுக்கிறாங்களா?"

அவன் தலைகுனிந்து போய்விட்டான். திமிர் பிடித்தவன்! ஆனால் அந்தக் கண்கள்... சே, அதை எதற்கு நினைக்கிறாள்?

மூன்று நாள் வீம்பாக இருந்தாள். நாலாம் நாள் மனசு கேட்கவில்லை. புதுக் கரி எடுத்து, பிளாட்டினக் கம்பிக்குப் பதில் உலோகமில்லாத கிராஃபைட் குச்சி வைத்து அளந்தாள். மின்னோட்டம் பாதியாக விழுந்தது. அழுது தீர்த்துவிட்டு, கட்டுரையை நிறுத்தும்படி பேராசிரியருக்கு எழுதினாள். பிறகு மழையிலேயே பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்தாள்.

தேமிங் குடையோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி... பாதி போச்சு." அவள் குரல் உடைந்தது.

"மீதிப் பாதி?"

"அது கரியோடதுதான். ஆறு தடவை பார்த்துட்டேன்."

"அப்போ உலோகம் இல்லாமலே நிஜமா வேலை செய்யுது! அதை எழுதுங்களேன்!"

கேலி செய்வான் என்று நினைத்தவள் திகைத்துப்போனாள். அவன் முகமெல்லாம் சந்தோஷம்.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி ஏன் கேட்டீங்க?"

அவன் காதுமடல் சிவந்தது. "எங்க கட்டடத்து ஜன்னல்லேருந்து உங்களைப் பார்த்தேன்... பேசணும்னுதான் மழைன்னும் பார்க்காம ஓடி வந்தேன். கிட்ட வந்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு. கம்பியைத் தவிர வேற எதுவும் வாயில வரல."

அழுகையும் சிரிப்புமாக அவன் குடைக்குள் வந்து நின்றாள்.

"மூணு நாளா எனக்கு வேலையே ஓடல, தேமிங். கோபத்துலதான்னு நினைச்சேன்... இல்ல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."