பதினோரு தட்டும் ஒரு கப்பல் கார்டும்

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடை. கல்லாவில் இருந்த பிரிசில்லா அக்கா, கார்டை மூன்றாவது முறையாக மெஷினில் செருகினார். மெஷின் மூன்றாவது முறையும் “டீங்” என்று கத்தியது.

“சார், இந்தக் கார்டு எங்க மெஷின்ல எடுக்காதுங்க.”

அப்பாவின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது.

“எடுக்காதா? நல்லாப் பாரும்மா. புதுக் கார்டு. வந்து பத்து நாள்தான் ஆகுது!”

“பழசு புதுசுன்னு இல்ல சார். இந்தக் கப்பல் படம் போட்ட கார்டை வாங்குற மெஷின் எங்ககிட்ட இல்ல. வேற கார்டு இருக்கா?”

வேறு கார்டு இல்லை. மேசையில் பச்சைப் பட்டுப் பாவாடை, ஒரு புடவை, ஒரு வேட்டி எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பில்கூடப் போட்டாகிவிட்டது.

எழிலரசி தன் தோளில் தொங்கிய பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பைக்குள் பதினோரு எவர்சில்வர் தட்டுகள் இருந்தன. அவள் அசைந்தபோதெல்லாம் “கிளிங்” என்றன.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கீரப்பாளையத்தில் பவானி அத்தையின் குழந்தைக்குக் காதுகுத்து. குழந்தையின் பெயர் காயத்ரி. பதினோரு மாதம். எழிலரசியின் அப்பா கலியமூர்த்திதான் தாய்மாமன். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் சீர்த்தட்டோடு வருவதைப் பார்க்க ஊரே வாசலில் நிற்கும்.

போன வருடம் வரை இதற்கெல்லாம் அம்மா இருந்தாள். எந்தத் தட்டில் என்ன வைப்பது, தட்டுகள் ஏன் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தப் பதினோரு தட்டும் அவள் வாங்கியவைதான். இப்போது அம்மா இல்லை. தட்டுகள் மட்டும் இருந்தன.

கார்டு வந்த கதை இதுதான். அப்பா கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். ஒருநாள் கம்பெனி வாசலில் டை கட்டிய ஒருவர் குடை விரித்து உட்கார்ந்திருந்தார். “கிரெடிட் கார்டு சார்! நூறு ரூபாய்க்கு ஒரு பாயின்ட்! முதல் மாசத்துலயே பத்தாயிரத்துக்கு வாங்கினா சக்கரம் வெச்ச பெட்டி இலவசம்!” என்றார்.

“எங்கெல்லாம் செல்லும்?” என்று அப்பா கேட்டார்.

“உலகம் பூரா செல்லும் சார்!”

அப்பா அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். நேற்றுமுன்தினம், சீருக்கு எடுத்து வைத்திருந்த பணத்தை எழிலரசியின் பள்ளிக் கட்டணத்துக்குக் கட்டினார். “சீரை கார்டுல வாங்கிக்கலாம். பாயின்டும் கிடைக்கும், பெட்டியும் கிடைக்கும்” என்றார். அப்பாவின் கணக்கு அழகாகத்தான் இருந்தது. சம்பளம் வர இன்னும் நான்கு நாள் இருந்தது. ஃபோனில் பணம் அனுப்பலாமென்றால் வங்கியில் இருநூறு ரூபாய்தான் மிச்சம். சட்டைப்பையில் ஐந்நூறு.

“வா, அடுத்த கடைக்குப் போவலாம்” என்றார் அப்பா.

அடுத்த கடையிலும் “டீங்”. மேலவீதியில் வெள்ளிக் கொலுசுக் கடையில் மெஷின் கத்தவேயில்லை. கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கப்பல் நல்லாருக்கு. ஆனா இங்க கரை சேராது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான்காவது கடையிலிருந்து வெளியே வந்தபோது மணி பத்தேகால். பன்னிரண்டுக்குள் காது குத்த வேண்டும். அப்பா ஒரு மூடிய கடையின் படியில் அப்படியே உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

“உலகம் பூரா செல்லும்னானே! சிதம்பரம் உலகத்துல இல்லியா?”

எழிலரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவை அவள் ஒரேயொரு முறைதான் இப்படிப் பார்த்திருக்கிறாள். மருத்துவமனையில், அம்மாவின் அறைக்கு வெளியே.

“ராமாமிர்தம் மாமாகிட்ட கேக்கலாமாப்பா?” என்றாள். அவர் அத்தையின் வீட்டுக்காரர்.

“மச்சான்கிட்டயே பணம் வாங்கி அவர் வீட்டுக்கே சீர் செய்யறதா? வெளிய தெரிஞ்சா உங்க அத்தை தலை நிமிர முடியுமா?” அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஊருக்குத் திரும்பிடலாம். எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு.”

“நீங்க இல்லாம எப்படிக் காது குத்துவாங்க?”

அப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அங்கே ஒரு குங்குமச் சிமிழ் இருந்தது. அதற்குள் ஒரு ஜோடி குட்டித் தங்கத் தோடுகள். எழிலரசி குழந்தையாக இருந்தபோது போட்டது. “பவானிக்குப் பொண்ணு பொறந்தா இதைத்தான் போடணும்” என்று அம்மா எடுத்து வைத்தது.

எழிலரசி பையை இறக்கி வைத்தாள். “கிளிங்.” கார்டோடு வந்த கனமான காகிதம் அவளிடம்தான் இருந்தது. வீட்டில் ஆங்கிலம் படிப்பது அவள் வேலை. முன்பக்கத்தில் விமானம், கடற்கரை, சக்கரப் பெட்டி. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல் பொடி எழுத்து.

அவள் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள். கார்டு செல்லுபடியாகும் ஊர்கள். சென்னைக்கு நாற்பது வரி. புதுச்சேரிக்குப் பதினொன்று. கடலூருக்கு மூன்று. சிதம்பரம்...

“அப்பா! சிதம்பரம் இருக்கு!”

“எத்தனை கடை?”

“ரெண்டு. ஒண்ணு பெட்ரோல் பங்க்.”

“சீர்த்தட்டுல பெட்ரோலா வெக்கறது?”

“இன்னொண்ணு புறவழிச்சாலையில இருக்கற சூப்பர் மார்க்கெட்.”

“அங்க பட்டு ஏது? கொலுசு ஏது? பருப்பும் சோப்பும்தான் இருக்கும்.”

எழிலரசி ஒரு நிமிடம் யோசித்தாள். முந்தாநாள் அத்தை ஃபோனில் பேசியது ஞாபகம் வந்தது. “கார்த்திகை மழை விடவே மாட்டேங்குது எழிலு. நாலு நாளா புள்ள துணி ஒண்ணும் காயல. பால்பவுடர் விக்கிற விலைக்கு...” என்று சொல்லிவிட்டு, அத்தை சட்டென்று பேச்சை மாற்றிவிட்டாள்.

“அப்பா, பட்டுப் பாவாடையைக் காயத்ரி எத்தனை தடவை போடும்?”

“இன்னிக்கு ஒரு தடவை.”

“டயப்பர்?”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் வாய் மறுபடியும் திறந்தது.

“சீர்த்தட்டுலயா!”

“தட்டு நம்மோடது. என்ன வெக்கணும்னு நாமதானப்பா சொல்லணும்?”

கொளஞ்சி என்பவரின் ஆட்டோ வந்து நின்றது. சூப்பர் மார்க்கெட், அங்கிருந்து கீரப்பாளையம் என்றதும் கொளஞ்சி அப்பாவின் கையில் இருந்த கார்டைப் பார்த்தார்.

“அண்ணே, முன்னாடியே சொல்லிட்டேன். என் வண்டியில கார்டு எடுக்க மாட்டேன்.”

“யாருமே எடுக்க மாட்டேங்கறாங்கப்பா” என்றார் அப்பா.

சூப்பர் மார்க்கெட்டில் அப்பா நேராகக் கூடையை எடுக்கப் போனார். எழிலரசி தடுத்தாள். முதலில் கல்லாவுக்குப் போய்க் கார்டை நீட்டினாள்.

“அக்கா, இதை எடுப்பீங்களா? முதல்ல ஒரு பிஸ்கட்டுக்குப் போட்டுப் பாருங்களேன்.”

பத்து ரூபாய் பிஸ்கட். மெஷின் யோசித்தது. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். “கிர்ர்ர்” என்று சீட்டு வெளியே வந்தது.

“எடுத்துடுச்சு!” அப்பா கத்திய கத்தலில் காய்கறிப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு கூடைகள் வேகமாக நிரம்பின. டயப்பர், பால்பவுடர், குழந்தை சோப்பு, கம்பளி, கொசுவலை, பேரீச்சம்பழம், ஆப்பிள், பாசிப்பருப்பு, நெய். தண்ணீரில் போட்டால் நீந்தும் ஒரு மஞ்சள் வாத்து. பில் ஏழாயிரத்தைத் தொடப்போனது.

அப்பாவின் கண்கள் மின்னின. “இன்னும் மூவாயிரத்துக்கு வாங்கினா அந்தப் பெட்டி கிடைக்கும் எழிலு.”

“பெட்டியை உருட்டிக்கிட்டு நாம எங்கப்பா போகப்போறோம்?”

அப்பா யோசித்துப் பார்த்தார். கடலூரிலிருந்து சிப்காட். சிப்காட்டிலிருந்து கடலூர்.

“அதுவும் சரிதான்” என்றார்.

அப்பா ரகசிய எண்ணை அழுத்தும்போது எழிலரசி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அது என்ன எண் என்று அவளுக்குத் தெரியும். அம்மா பிறந்த வருடம்.

சட்டைப்பையில் இருந்த பணத்தில் பூவும் வெற்றிலை பாக்கும் வாங்கினார்கள். மீதி ஆட்டோவுக்கு. ஓடும் ஆட்டோவிலேயே எழிலரசி தட்டுகளை அடுக்கினாள். ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் மல்லிகை, ஒரு குங்குமப் பொட்டு. கொளஞ்சி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

“முப்பது வருசமா ஆட்டோ ஓட்டறேன் பாப்பா. பருப்புக்குப் பொட்டு வெச்சு இப்பதான் பாக்கறேன்.”

கீரப்பாளையத்தில் வாசலிலேயே மேளம் கேட்டது. உறவுக்காரப் பெண்கள் ஓடிவந்து ஆளுக்கொரு தட்டு வாங்கினார்கள். வாங்கியவர்கள் தட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேளக்காரருக்குக்கூட ஒரு அடி தவறியது.

ராமாமிர்தம் மாமாவின் பெரியம்மா ராசம்மாள் முன்னால் வந்தார். அந்த வீட்டில் அவர் பார்த்து “சரி” சொன்னால்தான் எதுவும் சரி.

“இது என்ன தம்பி?” மூன்றாவது தட்டை விரலால் தொட்டார்.

“ட... டயப்பருங்க” என்றார் அப்பா.

“இது?”

“கொசுவலை.”

“ஏன், தொடப்பம் கிடைக்கலையா? பட்டு எங்க? கொலுசு எங்க? மாமன் சீரா, மளிகைச் சாமானா?”

 பவானி அத்தை கதவோரம் கல்லாக நின்றாள். அப்பாவின் தலை குனிந்தது. எழிலரசிக்குக் காது சூடானது. ஆனாலும் சொன்னாள்.

“நான்தான் எடுத்தேன். நாலு நாளா பாப்பா துணி காயலன்னு அத்தை சொன்னாங்க.”

ராசம்மாள் தட்டுகளை இன்னொரு முறை பார்த்தார். “நேரமாவுது, உக்காருங்க” என்றார். அவ்வளவுதான்.

அப்பா மடியில் காயத்ரியை வைத்துக்கொண்டார். கட்டியிருந்தது புது வேட்டி, போன வருடம் பொங்கலுக்கு அம்மா எடுத்து வைத்தது. ஆசாரி குங்குமச் சிமிழைத் திறந்து குட்டித் தோடுகளை எடுத்தார். வலது காது. காயத்ரி திடுக்கிட்டாள். இடது காது. காயத்ரி வீறிட்டாள்.

வீறிட்டது மட்டும் இல்லை.

அப்பாவின் முகம் மெதுவாக மாறியது. கீழே குனிந்து பார்த்தார். வேட்டியின் நடுவில் ஒரு ஈரம் ஏரி போலப் பரவிக்கொண்டிருந்தது.

“ஐயோ, மாத்துத் துணி எடுத்தாங்க!” என்று யாரோ கத்தினார்கள்.

“எல்லாம் கொடியில ஈரமா இருக்கு!” என்றாள் பவானி அத்தை.

ஒரு கணம் எல்லோரும் விழித்தார்கள். ராசம்மாள்தான் முதலில் எழுந்தார்.

“என்னடி முழிக்கறீங்க? அந்த மூணாவது தட்டைக் கொண்டாங்க!”

சீர்த்தட்டு கூட்டத்துக்கு மேலே கைமாறிக் கைமாறி வந்தது. மல்லிகையைத் தள்ளிவிட்டு ராசம்மாளே பொட்டலத்தைப் பிரித்தார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்.

பவானி அத்தை எழிலரசியின் பக்கத்தில் வந்து நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் கண் நிறைந்திருந்தது. “உங்கம்மா இருந்தா இன்னிக்குச் சிரிச்சே விழுந்திருப்பா எழிலு” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் அப்பா கப்பல் கார்டு கதையை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருடைய ஃபோன் ஒலித்தது.

“எழிலு, இங்க பாரு! அறுபத்தெட்டு பாயின்ட் சேந்திருக்காம்! அதுக்கு என்ன கிடைக்கும்?”

எழிலரசி பொடி எழுத்தைத் தேடினாள். “பதினேழு ரூபாய்ப்பா.”

அப்பாவின் வாயருகே போன வடை அங்கேயே நின்றது. “பதினேழா!”

“இனிமே கார்டு வாங்கறதுக்கு முன்னாடி, நாம சாமான் வாங்குற கடையில எல்லாம் கேட்டுட்டு வாங்கலாம்ப்பா.”

“டை கட்டினவன் வந்தா நீயே பேசு” என்றார் அப்பா.

அப்போது பாயசத் தூக்கோடு ராசம்மாள் வந்தார். அப்பாவின் இலையில் இரண்டு கரண்டி ஊற்றினார். எழிலரசியின் இலையில் மூன்று.

“தம்பி” என்றார் அப்பாவிடம். “காயத்ரிக்கு அடுத்து ஒரு தம்பி பொறந்தா, அவன் காதுகுத்துக்கும் அந்தக் கப்பல் கார்டையே கொண்டாங்க. பட்டு, கொலுசுன்னு எதையாவது மாத்திடாதீங்க.”