பெடலில் இருக்கும் கால்

“எங்கப்பா மேல தப்பில்லைன்னு இவங்க எல்லார் முன்னாடியும் ஒரு தடவை சொல்லுங்க.”

கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியது இதைத்தான். மாமாவிடம் சாப்பாட்டைக் கொடு, வாயைத் திறக்காமல் திரும்பி வா, அவன் என் தம்பி, அவன் பிழைப்பும் அங்கேதான், அதை மறந்துவிடாதே என்றாள். டிபன் கேரியரைப் பெஞ்சில் வைத்த கையோடு கேட்டுவிட்டேன்.

பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் நின்றது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி மட்டும் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார்.

“ஏம்மா, அதான் அன்னைக்கே சொல்லியாச்சே. போன வருஷம் எறக்கத்துல ஓட்டிட்டிருக்கும்போதே உங்கப்பன் கண்ணசந்து, வளைவுல கல்சுவர்ல மோதிட்டான். பிரேக்ல காலே வைக்கல. ரோட்டுல டயர் தேஞ்ச கோடுகூட இல்லைன்னு போலீஸே எழுதி முடிச்சிட்டாங்க.”

“பிரேக் பிடிச்சாத்தான் கோடு விழும். பிடிக்கலைன்னா?”

“பிடிக்கலைன்னா அதுவும் அவன் தப்புதான். கடைசியா அந்த வண்டியோட பிரேக் குழாயில ஏர் எடுத்தது யாரு? ஹெட் மெக்கானிக் அவன்தானே?”

எந்தப் பக்கம் போனாலும் குழி. செத்தவன் மேல் மண்ணைப் போடுவது எவ்வளவு சுலபம்!

“வண்டி எங்க?” என்றேன்.

“பின்னாடி ஷெட்லதான் நிக்குது. ஞாயித்துக்கிழமை பழைய கார் ஊர்வலத்துக்கு எடுக்கணும், ஆனா எவன் ஏர் எடுத்தாலும் பிரேக் நிக்கலைன்னு பசங்க சொல்றானுங்க. நீதான் இன்ஜினியரிங் படிச்சு, ஷோரூம் சர்வீஸ்ல வேலை பாக்குறியே, போய்ப் பாரு. உங்கப்பன் தப்பில்லைன்னு காட்டு. இதே இடத்துல நின்னு நானே சொல்றேன்.”

“இன்ஜினியரம்மா ஸ்பானரைப் பிடிச்சா ரிசல்ட் வர ஆறு மாசம் ஆகுமே மொதலாளி!” என்றார் பெயிண்டர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல.

ஷெட் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த சூடு முகத்தில் அடித்தது. வெளியே உச்சி வெயில். உள்ளேயோ தகரக் கூரையின் ஆணி ஓட்டைகளில் இறங்கிய ஒளிக் கம்பிகளைத் தவிர வெளிச்சம் இல்லை. ஜன்னலுக்கு முன்னால் பழைய கதவுகளையும் பம்பர்களையும் சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில் அது நின்றது. என் தாத்தா வயதுக் கார். உருண்டை விளக்கு, நீண்ட மூக்கு. அப்பாவோடு சேர்ந்து நசுங்கிய அந்த மூக்கைத் தட்டி நிமிர்த்தி, புதுப் பச்சை பூசியிருந்தார்கள்.

அப்பாவை நிமிர்த்த யாராலும் முடியவில்லை.

“பாப்பா, வேணாம்டா. இந்த வண்டிகிட்ட யாரும் தனியா நிக்கிறதில்ல. காரணம் கேக்காத.” பின்னாலேயே வந்த மாமா என் கையைப் பிடித்தார்.

“தனியா எங்க நிக்கிறேன்? நீங்க இருக்கீங்களே. உள்ள ஏறி உட்காருங்க.”

பிரேக் குழாயில் காற்று புகுந்தால், பெடலை மிதிக்கிற விசை எல்லாம் அந்தக் காற்றை நசுக்கவே செலவாகும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அதனால் ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து, பிரேக் ஆயிலோடு காற்றையும் வெளியே விட வேண்டும். நிப்பிளை மூடும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரை முழுசாக நம்பியாக வேண்டிய வேலை.

சுடிதார் கையை மடித்துவிட்டுப் பின்சக்கரத்துக்கு அடியில் படுத்தேன். நிப்பிளில் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ட்யூப்பை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டேன்.

“மிதிங்க மாமா.”

“பிடிச்சிருக்கேன்.”

திறந்தேன். கறுத்த ஆயில் இறங்கியது. கூடவே சில குமிழிகள். மூடினேன்.

“விடுங்க.”

“விட்டுட்டேன்.”

இப்படியே ஒவ்வொரு சக்கரமாக முடித்தோம். ஆயில் தேன் நிறத்துக்குத் தெளிந்தது. குமிழி நின்றது. ஆனாலும் பெடல் சரியில்லை என்று மாமா மேலிருந்து முணுமுணுத்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. காற்றே இல்லாத குழாயில் எவ்வளவு ஏர் எடுத்தாலும் என்ன பிரயோஜனம்? எதற்கும் இன்னொரு முறை பார்ப்போம் என்று மறுபடி பின்சக்கரத்துக்கே வந்து படுத்தேன்.

“மிதிங்க.”

பதில் வரவில்லை. ஆனால் முன்பக்கம் பெடலின் இரும்பு கிறீச்சென்று இறங்கியது. நிப்பிளைத் திறந்தேன். ஆயில் சீராக ஓடியது. மாமாவின் கால் இதுவரை இவ்வளவு அழுத்தமாக மிதிக்கவில்லை.

“அப்படித்தான் மாமா. இப்ப விடுங்க.”

பெடல் எழவில்லை.

“மூடிட்டேன் மாமா. காலை எடுங்க.”

சூடான பிரேக் ஆயிலின் நெடி மூக்கில் ஏறியது. இறக்கத்தில் ஓடி ஓடிக் காய்ந்த வண்டியில் வரும் நெடி. இந்த வண்டியோ ஒரு வருஷமாக நகரவே இல்லை.

“மாமா?”

மேலே யாரோ மூச்சு வாங்கினார்கள். ஓடி வந்தவர் மாதிரி, வாயால்.

அப்போதுதான் காருக்கு அடியிலிருந்து பார்த்தேன். ஷெட் வாசலில் இரண்டு செருப்புக் கால்கள். மாமாவின் கால்கள். உள்ளே வந்துகொண்டிருந்தன.

“டீ வாங்கப் போனேன் பாப்பா. நீ யார்கிட்ட பேசிட்டிருக்கே?”

எப்படி வெளியே உருண்டு வந்தேனோ தெரியவில்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். டிரைவர் பக்கக் கதவு திறந்து கிடந்தது. சீட் காலியாக இருந்தது.

பெடல் தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல எழுந்தது. மறுபடி இறங்கியது, நிதானமாக, கடைசிவரை. திரும்ப எழுந்தது. இந்த முறை வேகம். தட், தட், தட் என்று அடித்து அடித்து மிதி. பிறகு மீண்டும் ஒரே அழுத்து.

சீட்டின் தோல் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்தது.

மாமா டீ கிளாஸ்களைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். நான் கையை நீட்டி ஸ்டீயரிங்கைத் தொட்டேன். ஈரம். வேர்த்த உள்ளங்கை இறுகப் பிடித்து, அப்போதுதான் விட்டதைப் போன்ற ஈரம்.

“அப்பா?”

பெடல் ஒரு கணம் நின்றது.

பிறகு மறுபடி இறங்கத் தொடங்கியது. நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் அந்த வளைவின் கல்சுவர் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. பிரேக்கில் காலே வைக்காதவர் என்று எழுதி மூடப்பட்ட மனிதர், ஒரு வருஷமாக அந்தக் காலை எடுக்கவே இல்லை.

எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. பெடல் ஓயும்வரை நின்றேன். ஓய்ந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் குழிந்த சீட்டில் உட்கார்ந்தேன். படபடவென்று மிதித்தால் பெடல் கல் மாதிரி கெட்டியாக நின்றது. மெதுவாக மிதித்துப் பிடித்தால் அப்படியே இறங்கித் தரையைத் தொட்டது. எந்தச் சக்கரத்திலும் ஆயில் ஒழுகவில்லை. பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் போய்விட்டது. மிதிக்கிற ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் அந்த ரப்பரைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது.

முதலாளியை வரச் சொன்னேன். பெயிண்டரும் மற்றவர்களும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தார்கள்.

“மாஸ்டர் சிலிண்டர் போச்சு. மாத்தாம எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் நிக்காது. ஏர் எடுத்தவர் மேல தப்பில்ல.”

முதலாளி ஏறி உட்கார்ந்தார். அந்தப் பட்டறையில் பிரேக் சரியா இல்லையா என்று சொல்லும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். படபடவென்று பம்ப் செய்வார், கெட்டியாக இருந்தால் ‘வண்டி ரெடி’ என்பார். அதற்கு மேல் அங்கே பேச்சில்லை. அன்றும் அப்படியே பம்ப் செய்தார்.

“கல்லு மாதிரி இருக்கே! என்னத்தப் படிச்ச நீ?”

“மெதுவா மிதிச்சுப் பிடிங்க. கீழ போகும்.”

“உங்கப்பனும் இதையேதான் சொன்னான், மெதுவா மிதிச்சுப் பாருங்க மொதலாளி, சிலிண்டர் மாத்தாம எடுக்க வேணாம்னு. அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே...”

நிறுத்திக்கொண்டார்.



“அப்பவே சொல்லியிருந்தாரா?” என்றேன். “வேணாம்னு சொன்னவரை எதுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க?”

“நான் எங்க அப்படிச் சொன்னேன்?” காரிலிருந்து இறங்கினார். வேர்த்திருந்தது. “டேய், நான் ஏதாவது சொன்னேனா?”

பெயிண்டர் கூரையைப் பார்த்தார். இன்னொருவர் இருமினார்.

“மாமா, நீங்க கேட்டீங்கல்ல?”

மாமா பதில் சொல்வதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். “இவரைத்தான் ஹெட் மெக்கானிக்கா போடலாம்னு இருக்கேன். அக்கா புருஷன் இருந்த எடம். என்னப்பா?”

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. “எனக்குக் காதுல விழல பாப்பா” என்றார்.

அதற்கு மேல் கேட்பதில் அர்த்தமில்லை. பானெட்டைத் தூக்கினேன். மாஸ்டர் சிலிண்டரைப் பெடலோடு சேர்க்கும் பின்னை உருவினேன். குழாயைக் கழற்றக் கையில் இருந்த ஸ்பானர் பொருந்தவில்லை. பக்கத்திலிருந்து ஒரு கை சரியான அளவை நீட்டியது. மாமாவின் கை. முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவரால் கொடுக்க முடிந்த சாட்சி அவ்வளவுதான் போலிருக்கிறது. வாங்கிக்கொண்டேன்.

சிலிண்டர் கழன்று கையில் வந்தது. ஆயில் மணிக்கட்டு வழியாக ஒழுகியது.

“என் வண்டி சாமானைத் தொட்டே, திருட்டுக் கேஸ் கொடுப்பேன்!”

“கொடுங்க. நானும் ஸ்டேஷனுக்குத்தான் போறேன். அங்கயே பார்த்துக்கலாம்.”

சிலிண்டரைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு நடந்தேன். கேரியரை எடுக்கவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவும் இல்லை. முதலாளி பார்த்துப் பார்த்து வைத்த ஆட்கள் யாரும் வாயைத் திறக்க வேண்டாம். இந்த ரப்பரைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

முன்வாசலைத் தாண்டும்போது பின்னால் கேட்டது.

எதனோடும் சேராத அந்த இரும்புப் பெடல் கிறீச்சென்று இறங்கி, தரையைத் தொட்டு நிற்கும் சத்தம்.

“டேய், உள்ள யார்றா உட்கார்ந்திருக்கிறது?” முதலாளியின் குரல் உடைந்தது. “எல்லாரும் இங்கதானடா நிக்கிறீங்க?”



தட். தட். தட்.

நான் திரும்பிப் பார்க்காமல் சாலையில் இறங்கினேன்.