குழிக்குள் இருந்த சூடு

அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்த பழைய இறைச்சிக் குளிர்கிடங்குக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. பினாயில் வாடைக்கு அடியில் வேறொரு வாடை, ஊசிப்போன கொழுப்பும் ஈர முடியும் கலந்தது போல.

"எத்தனை தடவை கழுவினாலும் போகல, பாப்பா. அந்தக் குழியிலேருந்துதான் வருது. நாளைக்கு முதல் லோடு வேற," என்றான் அண்ணன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

அறையின் நடுவே, ரத்தம் வடிவதற்கென்று வெட்டிய குழி. உள்ளே கறுப்பாக, கெட்டியாக ஏதோ தேங்கியிருந்தது. உள்ளே இன்னும் அழுகிக்கொண்டிருந்தால் சூடு காட்டிக்கொடுத்துவிடும் என்று, வெப்பம் அளக்கும் சென்சாரை வயரோடு அதற்குள் இறக்கினாள். வயரின் மறுமுனை, அளவைப் படித்து அனுப்பும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில். அங்கிருந்து ஒரு கேபிள் மடிக்கணினிக்கு.

திரையில் எண் வரவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி வந்தது.

"என்ன, அதுக்கே புரியலையா?"

"இந்தச் சின்ன சிப்புக்குப் தசமப் புள்ளி வச்ச எண்ணை அப்படியே அனுப்பத் தெரியாதுண்ணே. புள்ளிக்கு முன்னாடி தனியா, பின்னாடி தனியா பிரிச்சுக் குடுக்கணும்."

நிரலில் சில வரிகளை மாற்றி ஏற்றினாள்.

36.80

36.95

36.80

கிடங்கின் குளிரில் அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. குழிக்குள் மட்டும் உடம்புச் சூடு.

எண் ஏறியது. இறங்கியது. ஏறியது.

"மூச்சு விடுற மாதிரி இல்ல?" அண்ணன் குழியிலிருந்து ஓரடி பின்வாங்கினான்.

அவள் வயரை இழுத்தாள். வரவில்லை. உள்ளிருந்து எதுவோ சப்பிக்கொண்டிருப்பது போல இழுபட்டது. பிறகு 'சளக்' என்று விட்டது. நுனியில் வெதுவெதுப்பான கொழகொழப்பு. அதற்குள் முடி. அது அவள் மணிக்கட்டு வரை வழிந்தது. சுவரோரம் ஓடி வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்து, வயரைச் சிப்பிலிருந்து பிடுங்கிச் சென்சாரோடு வெளியே எறிந்தாள்.

36.95

சென்சாரே இல்லை. எண் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அன்று மாலைக்குள் குழியைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். எத்தனை சோப்புப் போட்டும் அவள் கையிலிருந்து பிசுபிசுப்பு போகவில்லை.

மறுநாள் காலை அண்ணன் போன் செய்தான்.

"கான்கிரீட் காயவே இல்ல, பாப்பா."

"ஈரம் இருக்கும்ண்ணே. இன்னும் ஒருநாள் விடு."

"ஈரம் இல்ல. கதகதப்பா இருக்கு. அழுத்தினா அமுங்குது."

அவன் செருப்பு பின்னால் நகர்வது போனில் கேட்டது.

"மேல முடி முளைச்சிருக்கு."