போயிட்டு வாங்க

அந்த வீடியோவின் கடைசியில் ஒரு "ம்" கேட்டது.

விஜயகலா மறுபடியும் ஓடவிட்டாள். அவளுக்கு அது மனப்பாடம். மழை, சாவுக்கு அடிக்கும் தப்பு மேளச் சத்தம், தோளுக்கு உயரும் சவப்பெட்டி, கதவைப் பிடித்தபடி நிற்கும் அவள். பெட்டிக்குள் போகிற புருஷன் நிரோஷனைப் பார்த்து, அவன் தினமும் ரப்பர் ஃபெக்டரிக்குக் கிளம்பும்போது சொல்வதையே பழக்கத்தில் சொல்லிவிடுகிறாள்: "போயிட்டு வாங்க." செத்த வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லக் கூடாத சொல். தோட்டத்து லய வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கருப்பாயி பதறிப்போய் அவள் வாயைப் பொத்துகிறாள். அத்தோடு வீடியோ முடியும். நேற்றுவரை முடிந்தது.

இன்று தப்புச் சத்தத்துக்கு அடியிலிருந்து, வாயைத் திறக்காமலே ஒருவன் பதில் சொல்வதுபோல, "ம்."

அவள் பயந்திருக்க வேண்டும். ஆனால் அழுகை வற்றிய நாளிலிருந்து அவள் நெஞ்சு, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துக் கிடந்தது.

குவைத்திலிருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று சாவுச் சடங்கை நேரலையில் காட்டியது நிரோஷனின் தம்பி பிரதாப்தான். யாரோ அதில் இந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டியெடுத்துச் சோக இசை சேர்த்தார்கள். பிறகு ஊர் ஊராய் ஜனங்கள் அதன் பக்கத்தில் தங்கள் முகத்தையும் வைத்து அதையே சொல்லத் தொடங்கினார்கள். சென்னையில் ஒரு பெண் கண்ணீரோடு சொன்னாள். மலேசியாவில் பையன்கள் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். லட்சக்கணக்கான வாய்கள்.

சாயந்திரம் பிரதாப் பாண் ரொட்டி கொண்டுவந்தான்.

"அண்ணி, எஹலியகொட டவுன்ல பவாஸ் நானா கடையிலகூட உங்களத்தான் கேக்குறாங்க. நீங்க இப்ப ஸ்டாரு."

"அத அழிச்சிடுங்க தம்பி."

"நான் அழிச்சா மட்டும் போயிருமா? ஊரு உலகமே போட்டிருக்கே. சிங்களப் புள்ளைங்ககூட அவங்க பாஷையில சொல்லுதுங்க."

"அத்தன பேரும் அவரக் கூப்புடுறாங்க தம்பி."

"சும்மா லைக்குக்குத்தான் அண்ணி," என்று சிரிக்கப் பார்த்து, முடியாமல் போய்விட்டான்.

மழை பிடித்தது. ரப்பர் மரங்களுக்கிடையே இருட்டு லயத்தை நோக்கி இறங்கியது; கரண்ட் போனது; தகரக் கூரையில் கொட்டிய மழைக்குள்ளேயும் புளித்த ரப்பர் பாலின் வாடையும், அதன் பின்னால், அப்போதுதான் வெட்டிய மண்ணின் வாடையும் கதவிடுக்கு வழியாக மெல்ல மெல்ல உள்ளே ஊறி வந்தன. விஜயகலா கதவைத் தாழிட்டாள். அவளுக்கென்று மிச்சமிருந்தது ஐந்து வயது மகள் தனுஷிகா மட்டும்தான். பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எது வந்தாலும் அது பிள்ளையைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் வேண்டும்.

"அம்மா, நானும் போன்ல அப்பாவுக்குச் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"போயிட்டு வாங்கன்னு. எல்லாரும் சொல்றாங்கதானே."

லயத்தின் கடைசியில், வாசல்களுக்கு முன்னால் ஓடும் இஸ்தோப்புச் சீமெந்தில், ஏதோ விழுந்தது.

தொப்.

நடை இல்லை. நடந்தால் ஒரு கால், பிறகு மறு கால். இது இரண்டும் சேர்ந்து விழுந்தது.

தொப்.

அவளுக்குப் புரிந்தது. பிணத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டுவார்கள். குழியில் இறக்குமுன் கூடப்பிறந்தவன் கட்டுகளை அவிழ்க்க வேண்டும். பிரதாப்பின் நேரலையில் அவள் குழியைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள். அவிழ்க்கும் கையை மட்டும் பார்க்கவில்லை. அந்தக் கை போனைப் பிடித்திருந்தது.

தொப். கருப்பாயி காம்பராவைத் தாண்டி.

தொப். வாசலில்.

"ம்."

கத்தலாம். வராதீங்க என்று சொல்லலாம். நாக்கு அசையவில்லை. கை கால் அசையவில்லை. மடி லேசானது. எப்போது என்று தெரியவில்லை. பிஞ்சுப் பாதங்கள் தரையில். ஸ்டூல் இழுபடும் சத்தம்.

தாழ்ப்பாள்.

காற்று. ஈர மண்.

"அம்மா, அப்பாவுக்குப் பேச முடியல. கொஞ்சம் லைட்டப் புடிங்க."

அவள் கை தானாக உயர்ந்தது. போன் வெளிச்சம் கதவு நிலைக்குப் போனது.

தனுஷிகா ஸ்டூலில் எம்பி நின்றாள். ஒரு கையால் சேறு வழியும் அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தாடைத் துணியின் நனைந்த முடிச்சைப் பல்லால் கடித்து, பொறுமையாக இழுத்துக்கொண்டிருந்தாள்.