சைரனைக் காணோம்!

இன்ஸ்பெக்டர் கைராத் எழுந்தான். முகம் கழுவினான். தேநீர் வடித்தான். பால் ஊற்றினான். நேற்றைய ரொட்டியை வெட்டினான்.

வாயில் வைக்கும் முன்...

போன் அலறியது!

"கைராத்! திருட்டுய்யா!" மேலதிகாரி.

"என்ன சார் போச்சு? நகையா?"

"சைரன்!"

"...சார்?"

"மலையில ஏரி உடைஞ்சு சேத்து வெள்ளம் வந்தா ஊளையிடுமே, அது! மேற்சரிவுல, ஒரின்பாய் பங்களா வாசல்லேர்ந்து எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா நீ ஆட்டுச் சந்தையில டிராஃபிக் பாப்பே!"

மேற்சரிவு... அல்மாட்டி நகரத்தின் பணமெல்லாம் குடியிருக்கும் இடம். கம்பம் மொட்டையாக நின்றது. அதன் கீழே கான்ட்ராக்டர் ஒரின்பாய், பட்டு அங்கியில் கொதித்துக்கொண்டிருந்தார்.

"எங்க உசுருக்கு என்ன கேரண்டி?"

கைராத் அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். ஓடையை ஒட்டி பெரிய கான்கிரீட் சுவர்.

"இது?"

"நானே கட்டினது. ஒரு சொட்டுச் சேறு உள்ள வராது!"

"அப்ப அது எங்கே போகும்?"

"கீழ்ச்சரிவுக்கு. எனக்கென்ன?"

"அங்கே சைரன் இருக்கா?"

"அங்கே ஊரே இல்லையே தம்பி! நகராட்சி வரைபடத்தைப் பாருங்க. வெறும் புல்வெளி!"

அந்தப் புல்வெளியில்தான் அவருடைய சமையல்காரி, டிரைவர், தோட்டக்காரர் எல்லோரும் குடும்பத்தோடு இருந்தார்கள். பட்டா இல்லாத மண் வீடுகளில்.

கான்ஸ்டபிள் தால்காத் காதோரம் வந்தான்.

"சார், ஒரு ஐடியா! ஏரிக் காவல்காரரை பட்டனை அமுக்கச் சொல்லுங்க. பேட்டரி சைரன், எங்கே இருந்தாலும் கத்தும். கத்துற இடத்துல திருடன்!"

வேலைக்குச் சேர்ந்த பின் தால்காத் யோசித்தது இதுவே முதல் முறை. கைராத் போன் போட்டான்.

ஊஊஊஊ...!

கீழ்ச்சரிவிலிருந்து!

ஜீப் போய்ச் சேர்ந்தபோது ஊரே மேட்டில் நின்றது. கம்பளம், டி.வி., ரஜாய், ஆடு. எர்மெக் என்ற ஒருவர் வாசல் கதவையே கழற்றி எடுத்து வந்திருந்தார்.

"பயப்படாதீங்க! சோதனைக்குத்தான் அடிச்சோம்!" கைராத் கத்தினான்.

"சோதனையா? என் கதவை யாருய்யா திரும்ப மாட்டுவா?"

திட்டிக்கொண்டே எல்லோரும் இறங்கினார்கள்.

சைரன் ஒரு புகைபோக்கியில் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அந்த வீட்டு வாசலில் ஒரின்பாயின் சமையல்காரி உல்ஜான். ஐம்பது வயது. கையில் ஸ்பானர்!

"நீங்களா அக்கா? இவ்வளவு பெருசை எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"ஐயா கார்லதான். டிரைவர் பக்கத்து வீடு. 'ஐயா முழிச்சுட்டா?'ன்னான். 'அவர் குறட்டைக்கு முன்னாடி இந்தச் சைரனே கம்மி, ஓட்டுடா'ன்னேன்."

"ஏன் திருடினீங்க?"

"அவங்களைச் சைரன் எழுப்புது. எங்களைச் சேறு வந்துதான் எழுப்புது. போன தடவை பக்கத்துத் தெருவுல ரெண்டு பேர் எழுந்திரிக்கவே இல்ல."

கைராத் ஜீப் பக்கம் கை காட்டினான்.

"...கிளம்புங்க அக்கா."

"வாசலுக்கு வந்துட்டு ரொட்டி வாயில வைக்காமப் போவீங்களா? நாங்க திருடங்கதான் தம்பி, எதிரிங்க இல்ல."

மறுக்க வழியில்லை. ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டான்.

ஊஊஊஊ...!

கைராத் எரிச்சலோடு ஏரிக் காவல்காரருக்குப் போன் போட்டான். "யோவ், போதும்யா! சோதனை முடிஞ்சாச்சு!"

"சோதனையா? சார்... ஏரி உடைஞ்சிருச்சு!"

ரொட்டியை அப்படியே விழுங்கினான்.

தெருவுக்குப் பாய்ந்தான். ஒருவரும் ஓடவில்லை! எர்மெக் நிதானமாகக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஓடுங்க! நெஜமாவே சேறு வருது!"

"போய்யா! ஒரு தடவை ஏமாந்தது போதும்!"

உல்ஜான் கைராத்தைத் தள்ளிவிட்டுத் தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு தகரக் கூரையிலும் ஸ்பானரால் அடித்தாள்.

"டேய் எர்மெக்! கதவு வேணுமா, கால் வேணுமா? நட மேலே!"

உல்ஜான் குரலுக்கு ஊர் ஓடியது. தால்காத் குழந்தைகளை அள்ளினான். கைராத் ஒரு கிழவரைத் தூக்கினான். கிழவர் ஒரு ஆட்டைத் தூக்கியிருந்தார்.

மேட்டை எட்டியபோது...

வந்தது!

பாறையும் மரமுமாகக் கறுப்புச் சேறு. ஒரின்பாயின் சுவரில் முட்டியது. திரும்பியது. கீழ்ச்சரிவைத் துடைத்துக்கொண்டு போனது. போலீஸ் ஜீப்பும் சேர்த்து!

தலைகளை எண்ணினார்கள். ஒருவரும் குறையவில்லை. ஆடு ஒன்று அதிகமாக இருந்தது.

உல்ஜானின் வீட்டில் மிச்சம் புகைபோக்கி மட்டும். அதில் சைரன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

போன். மேலதிகாரி!

"சைரன் கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்."

"சபாஷ்! மறுபடி ஒரின்பாய் வாசல்லயே மாட்டிடு. திருடன் வருத்தம் தெரிவிச்சான்னு அறிக்கை எழுது!"

கைராத் உல்ஜானைப் பார்த்தான். "சைரனை மேலேயே மாட்டச் சொல்றாங்க அக்கா... வருத்தம் தெரிவிக்கிறீங்களா?"

'ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்' என்றுதான் அறிக்கையில் இருக்கிறது. உல்ஜான் உண்மையில் சொன்னது இது:

"தாராளமா அங்கேயே மாட்டுங்க தம்பி... அப்படியே அடுத்த சேத்தையும் அங்கேயே வரச் சொல்லிடுங்க!"