பூச்சியம் சதுர அடி முற்றம்

கொட்டாஞ்சேனையில் இமெல்டாவின் ஒழுங்கை முடிகிற இடத்தில் முக்கோணமாக ஒரு வெறுந்தரை இருந்தது. பின்னேரமானால் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான். மாக்ரெட் மட்டும் தன் வீட்டு ஜன்னலோடு இருப்பாள். மழை பெய்தால் அந்தச் சேற்றில் அவளுடைய ஊன்றுகோல் புதைந்துவிடும்.

அங்கே சிமெந்துக் கல் பதிக்கப் பெரியவர்கள் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். ஒரு கல் ஒரு சதுர அடி. எத்தனை கல் வேண்டும் என்று மதியத்துக்குள் கடைக்குச் சொல்ல வேண்டும். பிந்தினால் பெருநாள் முடிந்துதான் லொறி வரும்.

நடுவில் மாமரம் நின்றதால் குறுக்கே நாடா பிடிக்க வழியில்லை.

"மூண்டு பக்கமும் தெரிஞ்சால் போதும். பரப்பளவை நான் கண்டுபிடிக்கிறன்," என்றாள் இமெல்டா. வகுப்பில் அப்போதுதான் படித்திருந்தாள்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹியூபேட் மாமா அளந்துகொண்டு வந்தார்.

"எழுது பிள்ளை. பதின்மூண்டு, பதினாலு, இருபத்தேழு அடி. கப்பலையே அளந்த கை இது!"

இமெல்டா மூன்றையும் கூட்டினாள். ஐம்பத்துநாலு. அதில் பாதி இருபத்தேழு. அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கழித்தாள். பதினாலு, பதின்மூன்று, பூச்சியம். இனி இவற்றைப் பாதியோடு சேர்த்துப் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பூச்சியத்தால் பெருக்கினால் என்ன மிஞ்சும்?

"பூச்சியம் சதுர அடி," என்றாள் மெல்ல.

"ஐயோ, அப்ப நாங்கள் நிக்கிறது ஆகாயத்திலயோ?" என்று டோரின் அன்ரி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். இமெல்டாவுக்கு அழுகை முட்டியது.

ஜன்னலில் மாக்ரெட் சிரிக்கவில்லை. "இன்னொருக்கா பார், இமெல்டா," என்றாள்.

பார்த்தாள். அதே பூச்சியம். குச்சியால் மண்ணில் கீறிப் பார்த்தாள். பதின்மூன்றும் பதினாலும் சேர்ந்தால் இருபத்தேழு. சுற்றிப் போகிற வழியும் நேரே போகிற வழியும் எப்படி ஒரே நீளமாகும்? மூன்றாவது பக்கத்தை மாமா நேரே அளக்கவே இல்லை!

அந்தப் பக்கத்துச் சுவரோரம் திரும்பிப் பார்த்தாள். கிளெமென்ற் வீட்டு நாய் டைகர் காலை நீட்டிப் படுத்திருந்தது.

கத்திச் சொன்னால் எல்லோரும் மாமாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் அவரின் காதருகே போனாள். "மாமா, டைகருக்குப் பயந்து மற்ற ரெண்டு பக்கத்தாலயும் சுத்தியோ போனனீங்கள்?"

"சத்தம் போடாதை, பிள்ளை. போன மாசம் என்ர சாரத்தைக் கிழிச்சது அதுதான்."

இமெல்டா நிமிர்ந்தாள். "ஒரு பக்கத்தைத் திருப்பி அளக்கவேணும். மாமா, நீங்கள் நாடாவைப் பிடியுங்கோ. நான் நாயைப் பிடிக்கிறன்."

ஒரு துண்டுப் பாணுக்கு டைகர் எழுந்து வந்தது. மாமா நேரே அளந்தார். பதினைந்து அடி!

இப்போது பாதி இருபத்தொன்று. கழித்தால் எட்டு, ஏழு, ஆறு. நாலையும் பெருக்கினாள். ஏழாயிரத்து ஐம்பத்தாறு. அதன் வர்க்கமூலம் எண்பத்துநாலு.

"எண்பத்துநாலு கல்!"

"உடையிறதுக்கும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுறன்," என்று மாமா தானே கடைக்கு ஓடினார்.

பெருநாளுக்கு முதல் நாள் நல்ல மழை. விட்டதும், புதுக் கல்லில் டக் டக்கென்று ஊன்றுகோல் ஊன்றி மாமரத்தடிக்கு வந்தாள் மாக்ரெட். அவளுக்கு முன்பே அங்கே ஒருவர் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார்.

"தள்ளிப் படு, டைகர்," என்றாள் மாக்ரெட். "எண்பத்துநாலு சதுர அடி கிடக்கு. எனக்கும் கொஞ்சம் விடு."